விண்டோஸ் 10ஐ விடுவதா, வைத்திருப்பதா?

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒரு மாலை, கல்வெட்டு என்னும் நினைவு நூல் ஒன்றின் கடைசித் திருத்தங்களைச் செய்துகொண்டிருந்தபோது, கணினித் திரை முழுவதையும் மறைத்தபடி ஓர் அறிவித்தல் வந்தது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிவரும் ஆதரவு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைகிறது என்றும், இந்தக் கணினி விண்டோஸ் 11க்கு மாறத் தகுதியற்றது என்றும் அது சொன்னது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அச்சகத்துக்குப் பக்கங்களைக் கொடுக்க வேண்டியிருந்ததால், அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் இதே போன்ற ஓர் அறிவித்தலைக் கண்டு நான் எடுத்த அவசர முடிவும், அதனால் இழந்தவையும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறது. நகரத்து அச்சகம் ஒன்றில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்துவந்த நான், மகள் பிறந்த பின்னர் அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யத் தொடங்கினேன். கோயில் மலர்கள், திருமண அழைப்பிதழ்கள், பாடசாலைச் சஞ்சிகைகள் எல்லாம் வரும். என்றாலும் பெரும்பகுதி கல்வெட்டுத்தான். ஒருவர் இறந்தால், அந்தியேட்டிக் கிரியை நடைபெறும் முப்பத்தோராம் நாளில், அவருடைய வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரங்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு நூலையே எங்கள் பகுதியில் கல்வெட்டு என்கிறோம். அதற்குத் தவணை கேட்க முடியாது. முப்பத்தோராம் நாள் காலையில் நூல் கைக்கு வந்தே ஆகவேண்டும். இறந்தவரின் பிள்ளைகள் இரண்டு மூன்று நாடுகளிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்பும் திருத்தங்கள் கடைசி இரவு வரை வந்துகொண்டிருக்கும். அதே கணினியில்தான் உயர்தரம் படிக்கும் மகள் தன் ஒன்லைன் வகுப்புகளைப் பார்க்கிறாள். என் கணவர் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் மின்கட்டணம் செலுத்துவதும் அதில்தான்.

2020இல் நடந்ததைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. அந்த ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்தது. பயந்துபோய், அடுத்த வாரமே கணினியை நகரத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோய் விண்டோஸ் 10 போட்டுத் தரும்படி கேட்டேன். என் கோப்புகள் யாவும் வன்தட்டின் இரண்டாவது பகுதியில், அதாவது டீ டிரைவில் இருந்தன. "டீயிலை இருக்கிறதுகளுக்கு ஒண்டும் நடக்காது அக்கா" என்று அங்கிருந்த பையன் சொன்னதை நம்பி, நகல் எதுவும் எடுக்காமல் வந்துவிட்டேன். மறுநாள் கணினி புதிதாகத் திரும்பி வந்தது. டீ டிரைவும் புதிதாகவே இருந்தது. பகுதிகளைப் பிரித்து அமைக்கும் கட்டத்தில் இரண்டையும் ஒன்றாக்கி அழித்திருந்தார்கள். மீட்கும் மென்பொருளைக் கொண்டு சில கோப்புகளைப் பெயரில்லாமல் எடுத்தோம். படங்களில் பல, பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகவே வந்தன. புதிய விண்டோஸ் எழுதப்பட்ட இடத்தில் பழைய கோப்புகள் மீள்வதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. போனவற்றுள் ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறை வம்சாவளியும் இருந்தது. அதைச் சொல்லித் தந்த முதியவர் அந்தக் கல்வெட்டு வெளிவந்த அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். அச்சிட்ட பிரதி ஒன்றைத் தேடி வாங்கி நாற்பத்தெட்டுப் பக்கங்களையும் மீண்டும் தட்டச்சுச் செய்தேன். அந்தப் படங்களின் மூலங்கள் கிடைக்கவில்லை.

ஆகவே இம்முறை, ஒக்டோபர் 14க்கு முன்னர் எதையாவது செய்துவிட வேண்டும் என்ற பதற்றமும், எதையும் தொடக்கூடாது என்ற பயமும் ஒருசேர இருந்தன. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவிடம் சொன்னேன். "உந்தப் பழசை வைச்சுக்கொண்டு ஏன் மினக்கெடுறாய்? காசு அனுப்புறன், புதுசா ஒண்டை வாங்கு" என்றார். நகரத்தில் விசாரித்த ஒரு கடையில், தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11 போட்டுத் தரலாம், ஒரு மணித்தியால வேலை என்றார்கள். இரண்டும் நல்ல நோக்கத்துடன் சொல்லப்பட்டவைதான். ஆனால் அந்தக் கணினியில் நான் என்ன செய்கிறேன் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

கேட்டவன் என் பெறாமகன். கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது கணினிப் பராமரிப்பு வேலை செய்கிறான். "அவசரப்படாதேங்கோ சின்னம்மா. இதிலை என்னென்ன வேலை செய்யிறியள், அந்த ஒவ்வொண்டுக்கும் என்னென்ன வேணும் எண்டு முதல்ல ஒரு தாளிலை எழுதுங்கோ. விண்டோஸைப் பற்றிப் பிறகு கதைப்பம்" என்றான். அந்தத் தாளை எழுத எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. இணையம், மின்னஞ்சல், மகளின் வகுப்பு, வங்கி ஆகியவற்றுக்குப் புதிய உலாவி ஒன்று இருந்தால் போதும்; அவை எந்த இயங்குதளத்திலும் நடக்கும். பக்க வடிவமைப்புக்கோ, 2001இல் வெளிவந்த பேஜ்மேக்கர் 7 வேண்டும்; அதற்குப் பின்னர் அடோபி அந்த மென்பொருளில் புதிய பதிப்பை வெளியிடவில்லை. பழைய படங்களை வருடி எடுக்க ஸ்கேனர் வேண்டும். அதை வாங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாமினி எழுத்துரு வேண்டும்.

பாமினியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதியில் தமிழ்த் தட்டச்சு வேலை செய்யும் பலருடைய உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கும் அவற்றின் குறிகளுக்கும் தமக்கென்று தனி எண்கள் உண்டு. எந்த யுனிகோட் எழுத்துருவைப் போட்டாலும் அது தமிழாகவே தெரியும். பாமினியில் அப்படி இல்லை. 'தமிழ்' என்ற சொல்லை நான் தட்டச்சுச் செய்தால், கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. பாமினி எழுத்துரு அந்தக் கணினியில் நிறுவப்பட்டிருக்கும் வரை அவை தமிழ் வடிவத்தில் தோன்றும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது, நாமாகச் சேர்த்திருந்த எழுத்துருக்கள் எல்லாம் போய்விடும் என்பதால், கோப்புகளை மட்டும் நகலெடுத்துவிட்டு எழுத்துருக்களை மறந்தவர்கள், எல்லாம் அழிந்துவிட்டன என்று நினைத்துக் கலங்குகிறார்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையிலிருந்து, நாம் சேர்த்த ஒவ்வொன்றையும் தனியாக நகலெடுத்து வைக்க வேண்டும். நான் பாமினியுடன் சேர்த்து, தலைப்புகளுக்குப் பயன்படுத்தும் வேறு முப்பத்திரண்டு எழுத்துருக்களையும் எடுத்து வைத்தேன்.

யுனிகோடிலும் ஒரு சிறு பொறி உண்டு. விண்டோஸ் 2000 காலம் முதல் நமக்குப் பழக்கமான லதா எழுத்துரு, விண்டோஸ் 10இல் இயல்பாக நிறுவப்படுவதில்லை. தமிழுக்கு நிர்மலா என்ற எழுத்துருவே முதலில் கிடைக்கும். லதா, விஜயா ஆகிய இரண்டையும் விருப்ப வசதிகள் என்ற இடத்துக்குப் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற பொதியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். லதாவில் அமைத்த பக்கம் வேறு எழுத்துருவில் திறந்தால் வரிகள் நகர்ந்து பக்க எண்ணிக்கையே மாறிவிடும். அச்சுக்குப் போகும் முந்திய இரவில் அறிந்துகொள்ளக் கூடிய செய்தி அது அல்ல.

தாள் எழுதி முடிந்ததும் பெறாமகன் கணினியைப் பார்த்தான். அமைப்புகளில் 'இந்தக் கணினி பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து காட்டினான். செயலி இன்டெல் ஐ5, ஆறாம் தலைமுறை. நினைவகம் 8 ஜிபி. அதற்கு அருகில், பயன்படுத்தக்கூடியது மூன்று சொச்சம் ஜிபி மட்டுமே என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, செயலி 64 பிட், இயங்குதளம் 32 பிட் என்று இருந்தது. 2020இல் என் பழைய ஸ்கேனர் வேலை செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்தியதால், அந்தக் கடையில் 32 பிட் விண்டோஸைப் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. 32 பிட் விண்டோஸ் 10 நினைவகத்தில் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. ஆக, ஐந்து ஆண்டுகளாக இந்த வீட்டில் பாதிக்கு மேற்பட்ட நினைவகம் சும்மா கிடந்திருக்கிறது. கணினி மெதுவாக ஓடியபோதெல்லாம், விண்டோஸ் பழசாகிவிட்டது, கணினி வயதாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அந்த மெதுவுக்கு இதுவும், சுழலும் பழைய வன்தட்டுமே காரணங்கள். இரண்டையும் புதிய கணினி வாங்காமலே சரிசெய்யலாம். கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக இயங்குதளத்தை மாற்ற நினைப்பவர்கள், முதலில் இந்த ஒரு பக்கத்தையாவது திறந்து பார்க்க வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

விண்டோஸ் 11க்கு என் கணினி ஏன் தகுதியற்றது என்பதும் தெளிவானது. அதற்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் போதும். அவை என்னிடம் இருந்தன. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயோஸ் மென்பொருளின் அமைப்பில் அணைந்திருந்ததே தவிர, இல்லாமல் இருக்கவில்லை. தடுத்தது செயலி. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்துமே மைக்ரோசொஃப்டின் பட்டியல் தொடங்குகிறது. இதற்குப் பரிகாரம் இல்லை. தவிர, விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால், எப்படி மாறினாலும் என் ஸ்கேனர் நின்றுவிடும். அதைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் 32 பிட்டுக்கு மட்டுமே எழுதப்பட்டது. சாதாரண மென்பொருள் 32 பிட்டாக இருந்தாலும் 64 பிட் விண்டோஸில் ஓடும், ஆனால் கருவிகளுக்கான டிரைவர் அப்படி ஓடாது. பேஜ்மேக்கர் தப்பியதும் ஸ்கேனர் தப்பாததும் இதனால்தான்.

அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. ஒக்டோபர் 14ஆம் திகதிக்குப் பிறகும் விண்டோஸ் 10 ஓடும், எதுவும் நின்றுபோகாது. விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரலில் ஆதரவு இழந்த பின்னரும் எங்கள் ஊர் அச்சகங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடியதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அவற்றில் வங்கி வேலை பார்க்கப்படவில்லை. பல கணினிகளுக்கு இணைய இணைப்பே இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கணினி அப்படியானதன்று. 2017 மே 12ஆம் திகதி பரவத் தொடங்கிய வன்னாக்ரை என்ற கோப்புப் பூட்டும் நச்சுநிரல், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையின் வழியாகவே நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத காலத்தில் அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே அகப்பட்டன. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள் பலவும் அவற்றுள் அடங்கும். இற்றைப்படுத்தல் வராத கணினி என்பது, அடைக்கப்படாத அத்தகைய ஓட்டைகள் மாதந்தோறும் சேர்ந்துகொண்டு போகும் கணினி. மற்ற மென்பொருள்களும் மெல்ல மெல்ல விலகும். விண்டோஸ் 7க்கு ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 தொடக்கத்தில், 109ஆம் பதிப்புடன் குரோம் உலாவி அதைக் கைவிட்டது. மகளின் வகுப்புத் தளம் ஒன்று திறக்காமல் போகும் நாள் வரைக்கும் நாம் அதை உணர மாட்டோம்.

எனவே வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தகுதியற்ற கணினியில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ நிறுவுவது செய்யக்கூடியதுதான். ஆனால் அப்படி நிறுவிய கணினிகளுக்கு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதியளிப்பதில்லை. பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்காகவே மாற நினைக்கும் ஒருவர், அதற்கு உறுதியில்லாத இடத்துக்கு மாறுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பொழுதுபோக்குக்கான கணினியாக இருந்தால் முயன்று பார்த்திருப்பேன்.

விண்டோஸுக்கு மாற்றாக உள்ள லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை இரண்டு நாள்கள் நேர்மையாகச் சோதித்தோம். லினக்ஸ் மின்ட் 22ஐ ஒரு பென்ட்ரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கலாம். 2029 வரை இற்றைப்படுத்தல் வரும், பணம் ஒரு சதமும் வேண்டாம். இணையம், மகளின் வகுப்பு, யுனிகோட் தட்டச்சு எல்லாம் குறையின்றி நடந்தன. லிப்ரே ஒஃபீஸின் டிரோ என்ற மென்பொருள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பாமினியைச் சேர்த்ததும் எழுத்துகளும் வந்தன. ஆனால் பத்திகளும் படங்களும் இடம் மாறியிருந்தன. ஒரு கல்வெட்டை மீண்டும் ஒழுங்குபடுத்த அரை நாள் ஆகும் போலிருந்தது. அச்சு வேலை செய்யாத வீடாக இருந்தால் நான் தயங்காமல் இதையே தெரிவு செய்வேன். இணையமும் கடிதமும் மட்டும் பார்க்கும் வீடுகளில், நல்ல நிலையில் உள்ள பழைய கணினியைத் தூக்கி எறிவதற்கு முன்னர் ஒரு தடவை பென்ட்ரைவில் இதை இயக்கிப் பார்க்க வேண்டும்.

எஞ்சியது, விண்டோஸ் 10இலேயே இருந்துகொண்டு நீடித்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல் திட்டத்தில் சேர்வது. வீட்டுக் கணினிகளுக்கு அது 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கிறது. 30 அமெரிக்க டொலர் கட்டிச் சேரலாம். அன்றைய மாற்று விகிதத்தில் ஒன்பதாயிரம் ரூபா அளவில் வரும். கணினியின் அமைப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்குக்கு ஒத்திசைக்க இணங்கினால் பணமில்லாமலும் சேரலாம். கணினியில் 22எச்2 என்ற கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்திருக்க வேண்டும் என்பவையே நிபந்தனைகள். இது ஓராண்டுத் தவணை மட்டுமே என்பதை நான் மறைக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அந்த ஓராண்டுதான். பாமினிக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்ற அவகாசம் கிடைக்கும். பேஜ்மேக்கரை விட்டு வேறொன்றைப் பழகவும் அவகாசம் கிடைக்கும். அந்த இரண்டும் முடியாமல் எந்தப் புதிய கணினியை வாங்கினாலும், பழைய சிக்கலைப் புதிய பெட்டிக்குள் குடிவைத்ததாகவே இருக்கும்.

முடிவெடுத்த பின்னரும் பத்து நாள்கள் கணினியில் எதையும் மாற்றவில்லை. நகலெடுப்பதே முதல் வேலையாக இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து வீதிக்கு வந்த அந்த இரவில், அம்மா கையில் ஒரு பை இருந்தது. வீட்டு உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், பரீட்சைப் பெறுபேறுகள், அப்பாவின் இரண்டு படங்கள் அதில் இருந்தன. அந்தப் பையை அம்மா அன்றிரவு அடுக்கவில்லை. அது எப்போதும் அடுக்கியபடியே சாமியறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். தென்மராட்சியில் நாங்கள் தங்கியிருந்த வீட்டிலும் அப்படியேதான் தொங்கியது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான், 2020இல் ஒரு வெறும் வாய்ச்சொல்லை நம்பிக் கணினியைக் கொடுத்துவிட்டு வந்ததை நினைத்தால் இப்போதும் மனம் வருந்துகிறது. இம்முறை வெளி வன்தட்டு ஒன்றில் ஒரு நகலும், அக்கா வீட்டில் வைக்க இன்னொரு வன்தட்டில் ஒரு நகலும் எடுத்தேன். எடுத்ததோடு விடாமல், மகளின் தோழியுடைய மடிக்கணினியில் அவற்றைத் திறந்து பார்த்தேன். இருபது கோப்புகளைத் தெரிவு செய்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினோம். இரண்டு கோப்புகளில் படங்கள் வரவில்லை. அவை வேறொரு கோப்புறையில் இருந்து இணைக்கப்பட்டவை, அந்தக் கோப்புறையை நான் நகலெடுக்கத் தவறியிருந்தேன். திறந்து பார்த்திருக்காவிட்டால் அதை எப்போது அறிந்திருப்பேனோ தெரியாது.

பெறாமகன் சொன்ன யோசனைகளில் மிகச் சிறந்ததாக நான் கருதுவது அடுத்து வருவது. பழைய வன்தட்டின் மேல் எதையும் எழுத வேண்டாம் என்றான். சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை, 240 ஜிபி அளவில், பத்தாயிரம் ரூபாவுக்குள் வாங்கினோம். கணினியைத் திறந்து பழைய வன்தட்டின் இரண்டு இணைப்புகளையும் கழற்றி, அதை அப்படியே ஒரு புறம் எடுத்து வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் 64 பிட் விண்டோஸ் 10ஐ நிறுவினோம். நிறுவும்போது பழைய வன்தட்டு கணினிக்குள் இல்லாதபடியால், யாரும் தவறுதலாக அதை அழிக்க முடியாது. ஏதாவது பிழைத்தால் இரண்டு இணைப்புகளை மாற்றிச் செருகினால் போதும், நேற்றைய கணினி அப்படியே திரும்பி வரும். முன்பு விண்டோஸ் முறையாகச் செயற்படுத்தப்பட்டிருந்த அதே கணினி, அதே வகைப் பதிப்பு என்பதால், உரிமம் இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போவதற்குத் தனி உரிமம் தேவைப்படவில்லை. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உரிமம் இல்லாத விண்டோஸை முறித்துச் செயற்படுத்தித் தரும் சிறு மென்பொருள்களை நம் கடைகளில் வெகு சாதாரணமாகப் போட்டுத் தருகிறார்கள். அவை நச்சுக்காப்பை அணைக்கச் சொல்லிவிட்டே உள்ளே வருகின்றன. பாதுகாப்புக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு அப்படியொன்றை உள்ளே விடுவது தகாது.

வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தோம். ஒக்டோபரில் இங்கே மாரி தொடங்கிவிடும். பின்னேரங்களில் இடியும் மின்னலும், அவற்றோடு மின்வெட்டும் வரும். எங்கள் யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும்; இற்றைப்படுத்தலின் நடுவே மின்சாரம் போனால் அது போதாது. நிறுவும் கோப்பு ஐந்து ஜிபிக்கு மேல் என்பதால் முந்திய இரவே இறக்கி வைத்திருந்தோம். நிறுவுதல் முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. இற்றைப்படுத்தல்கள், எழுத்துருக்கள், பிரிண்டர், பேஜ்மேக்கர், தட்டச்சுப் பலகை ஆகியவற்றுக்கு மாலை வரை ஆனது. பாமினித் தட்டச்சுக்குப் பழகிய என் விரல்களுக்கு அதே விசையமைப்பில் யுனிகோட் எழுதும் மென்பொருள் ஒன்றையும் போட்டுத் தந்தான். முன்பு இயங்கத் தொடங்க நான்கு நிமிடம் எடுத்த கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் தயாராகிறது. எஸ்எஸ்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு: வன்தட்டில் அழிந்த கோப்பைச் சில வேளை மீட்கலாம், எஸ்எஸ்டியில் அழிந்தது பெரும்பாலும் போனதுதான். வேகம் கூடியதற்கு ஏற்ப நகலெடுக்கும் ஒழுங்கும் கூட வேண்டும். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுக்கிறேன்.

ஸ்கேனருக்காகப் பழைய வன்தட்டே உதவுகிறது. மாதத்தில் ஒரு நாள், இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, பழைய வன்தட்டைச் செருகி, சேர்ந்திருக்கும் படங்களை எல்லாம் ஒரே இருப்பில் வருடி எடுக்கிறேன். அவசரமானவற்றுக்கு நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் செய்விக்கிறேன்.

இதே மாதத்தில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆசிரியை ஒருவருக்கு நான் நேர் எதிரான யோசனை சொன்னேன். அவருடைய மடிக்கணினி பத்தாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்டது. விண்டோஸ் 11க்குத் தகுதியானது. பாடக்குறிப்பு எழுதுவதும் ஸூம் வகுப்பும் தவிர அதில் வேறு வேலை இல்லை. அவர் தயங்குவதற்குக் காரணமே இருக்கவில்லை. நகலெடுத்துவிட்டு மாறினார். ஒரே ஒரு கண்டம் நேர்ந்தது. பயோஸில் ஓர் அமைப்பை மாற்றியதும், கணினி திறக்க மறுத்து, பிட்லொக்கர் மீட்புச் சாவி என்ற 48 இலக்க எண்ணைக் கேட்டது. வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது அவருக்கே தெரியாது. அந்த எண் அவருடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. மடிக்கணினியில் கைவைப்பதற்கு முன்னர் அந்தச் சாவியை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாறிய பின்னர் பிடிக்காவிட்டால், பத்து நாள்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வழி அமைப்புகளிலேயே இருக்கிறது. அந்தப் பத்து நாள்களில் பிரிண்டர் முதல் புரொஜெக்டர் வரை எல்லாவற்றையும் ஒரு தடவை இயக்கிப் பார்க்கும்படி அவரிடம் சொன்னேன். அப்படியே செய்தார், எல்லாம் சரியாக இருந்தன.

அண்ணா அனுப்புவதாகச் சொன்ன பணத்தை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். 2026 ஓகஸ்ட்டில் கேட்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் ஒக்டோபர் வரை பொறுத்தால் மறுபடியும் தவணையும் பதற்றமும் ஒன்றாக வந்து சேரும். என்னிடம் இருநூற்றுப் பதினான்கு கல்வெட்டுகளும் மலர்களும் பாமினியில் இருக்கின்றன. மாற்றி மென்பொருளில் இட்டு யுனிகோடாக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். பெயர்களில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அது ஒரு குடும்பத்தின் பெயர். வாரத்துக்கு ஐந்து என்ற கணக்கில் இதுவரை அறுபத்து மூன்று முடிந்திருக்கின்றன. 2020இல் அழிந்து, நான் மீண்டும் தட்டச்சுச் செய்த அந்த ஐந்து தலைமுறை வம்சாவளியைத்தான் முதலாவதாக மாற்றினேன். அதன் ஒரு பிரதி இப்போது அந்தக் குடும்பத்தினர் நான்கு பேருடைய கைத்தொலைபேசிகளிலும் இருக்கிறது.